எழுத்தில்லாத சீட்டு: ஓர் ஓவியத்தின் முன் மூன்று வருகைகள்

இது ஒரு சிறு குழு, லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள புனித ஜெரோம் ஓவியம் ஒன்றை மூன்று முறை போய்ப் பார்த்த கதை. முதல் முறை சொதப்பியது. இரண்டாம் முறை நன்றாகப் போனது, ஆனால் குழுவை நடத்திய நானே ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு எங்கிருந்து வந்தது, எப்படித் தெரிந்தது, பிறகு என்ன செய்தோம் என்பதைப் பதிவு செய்கிறேன். குழுவில் இருந்தவர்களின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் தேவையில்லை.

பின்னணி

லண்டனில் சனிக்கிழமைகளில் கூடும் சின்ன வாசிப்புக் குழு எங்களுடையது. என்னைத் தவிர ஐந்து பேர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர், தூத்துக்குடிக்காரரான ஒரு செவிலியர், ஈரோட்டுப் பக்கமிருந்து படிக்க வந்த ஒரு மாணவர், யாழ்ப்பாணக் குடும்பத்துத் தாய் ஒருவர், அவருடைய பதினான்கு வயது மகள். யாரும் ஓவியம் படித்தவர்கள் அல்ல. நானும்தான். ஆனால் படங்களைப் பற்றி நிறையப் படிப்பவன். இந்தக் கதைக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

அப்போது நாங்கள் மொழிபெயர்ப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு புனித ஜெரோமிடம் வந்து நின்றது. சுமார் 347இல் பிறந்து 420இல் பெத்லகேமில் இறந்தவர், பைபிளை லத்தீனில் தந்தவர். அவருடைய நினைவு நாளான செப்டம்பர் 30தான் உலக மொழிபெயர்ப்பு நாள். யோனா கதையில் ஒரு செடி வரும். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் அது சுரைக்கொடி. ஜெரோம் அதை ஐவிக்கொடி என்று மாற்றினார். வட ஆப்பிரிக்காவில் ஒரு ஊரில் புதிய பாடத்தை ஆயர் வாசித்ததும் சபையில் கூச்சல் எழுந்து, மக்கள் அவரைவிட்டுப் போய்விடும் நிலை வந்ததாக, அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்தீன் ஜெரோமுக்கே கடிதம் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் செவிலியர் கைபேசியை எடுத்துத் தமிழ் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்து, "நமக்கு இது ஆமணக்குச் செடி" என்றார். சுரையும் இல்லை, ஐவியும் இல்லை. எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில்தான் நான், "இவரை வரைந்த ஒரு படம் நேஷனல் கேலரியில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா?" என்றேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. சரி என்றார்கள்.

இத்தாலிய ஓவியர் அந்தோனெல்லோ தா மெசினா சுமார் 1475இல் வரைந்த 'தன் படிப்பறையில் புனித ஜெரோம்' என்பதுதான் அந்தப் படம். லிண்டன் மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். உயரம் 45.7 சென்டிமீட்டர், அகலம் 36.2. ஏ3 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கேலரி இதை 1894இல் நார்த்புரூக் பிரபுவிடமிருந்து வாங்கியது. 1872 முதல் 1876 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர் அவர்தான். (இந்தத் தகவலைச் சொன்னதும் வரைவாளர், "அப்ப எங்கட வரிக்காசும் இதில இருக்கலாம்" என்றார். இல்லை, அது அவர் வங்கிக் குடும்பத்துச் சொத்து என்று விளக்க வேண்டியிருந்தது.)

முதல் வருகை

நான் நாலு பக்கக் குறிப்போடு போனேன். படத்தின் முன் எல்லோரையும் நிறுத்தி இருபது நிமிடம் பேசினேன்.

என்னென்ன சொன்னேன் என்பதையும் இங்கே வைக்கிறேன், பின்னால் தேவைப்படும். இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த வசாரி 1550இல் எழுதிய கதை: அந்தோனெல்லோ ஃபிளாண்டர்ஸுக்கு (இன்றைய பெல்ஜியப் பகுதி) போய் அங்கிருந்த பெரிய ஓவியர் யான் வான் எய்க்கிடமே எண்ணெய் வண்ண ரகசியத்தைக் கற்று இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்பது. அது நடந்திருக்க முடியாது. வான் எய்க் 1441இல் இறந்தபோது அந்தோனெல்லோவுக்குப் பத்து வயது சுமார்தான். அவர் தொழில் கற்றது நேப்பிள்ஸில், கொலாந்தோனியோ என்ற ஓவியரிடம். அங்கே அரசவையில் ஃபிளாண்டர்ஸ் படங்கள் இருந்தன. 1475-76இல் வெனிஸில் வேலை செய்தார், 1479இல் இறந்தார். இந்தப் படத்தை 1529இல் வெனிஸில் ஒரு வீட்டில் பார்த்த மிக்கியேல் என்ற கலை ஆர்வலர், இதை வரைந்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதாகக் குறித்துவைத்தார். சிலர் அந்தோனெல்லோ என்றார்களாம், பலர் வான் எய்க் அல்லது இன்னொரு ஃபிளாண்டர்ஸ் ஓவியரான மெம்லிங் என்றார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "மேசையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது பாருங்கள், அதில் ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார்" என்றும் சொன்னேன்.

கடைசி இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று ஒத்துவராதவை. அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு தேநீர் குடிக்கப் போனோம். நான் சும்மா, "படத்தில் என்னவெல்லாம் இருந்தது?" என்று கேட்டேன். சிங்கத்தை எல்லோரும் சொன்னார்கள். சிவப்பு அங்கியைச் சொன்னார்கள். பூனை இருந்ததை ஒருவர் மட்டும் சொன்னார். அந்தத் தாய், "நான் பெரிய படம் எண்டு நினைச்சு வந்தனான்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மாணவர், "ண்ணா, வசாரி சொன்னது பொய்னு மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார்.

இருபது நிமிடத்தில் அவர்கள் பெரும்பாலும் பார்த்தது என் முகத்தைத்தான்.

எடுத்த முடிவும் காரணமும்

மறுபடியும் போவது என்று தீர்மானித்தோம், ஆனால் வேறு முறையில். கேள்விகள் அச்சடித்துக் கொடுக்கலாமா என்று முதலில் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டேன். "பூனை எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், பூனை இருக்கிறது என்று நான் காட்டிக்கொடுத்தது போலத்தானே.

கடைசியில் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. படம் சின்னது, ஆறு பேர் ஒன்றாக நின்றால் நாலு பேருக்கு முதுகுதான் தெரியும். அதனால் இரண்டிரண்டு பேராக, பத்து நிமிடம். பேசக் கூடாது, கைபேசி கூடாது, பக்கத்தில் உள்ள விவரப் பலகையைப் படிக்கக் கூடாது. கண்ணில் பட்டதை எல்லாம் நோட்டில் எழுத வேண்டும், ஆனால் பொருள் எழுதக் கூடாது. "மயில்" என்று எழுதலாம், "மயில் அழியாமையின் குறியீடு" என்று எழுதக் கூடாது. குறியீடுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு (அதாவது எனக்கு) இது கொஞ்சம் வலிக்கும் விதிதான்.

தாயையும் மகளையும் வேண்டுமென்றே பிரித்தேன். சேர்ந்து நின்றால் ஒருவர் மற்றவருக்குச் சுட்டிக்காட்டிவிடுவார்கள். செவிலியரும் தாயும், வரைவாளரும் சிறுமியும், மாணவரும் நானும்.

இரண்டாம் வருகை: என்ன கண்டார்கள்

முதலில் படத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கல்லால் ஆன ஒரு பெரிய வாசல் வழியாக நாம் உள்ளே எட்டிப் பார்க்கிறோம். வாசற்படியில் ஒரு மயில், இன்னொரு பறவை, ஒரு பித்தளைக் கிண்ணம். உள்ளே உயரமான, தூண்களும் வளைவுகளும் கொண்ட கட்டடம். நடுவில் மூன்று படி வைத்த ஒரு மரமேடை, அதன்மேல் அலமாரியும் சாய்வு மேசையும். ஜெரோம் இடப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார். வலப்பக்கம் நிழலில் சிங்கம். பின்னால் சன்னல்களில் மலை, மரம், ஆறு, படகு. மேல் சன்னல்களில் வானமும் பறவைகளும்.

நோட்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது ஐந்து பேரும் சொன்னவை ஐந்து வெவ்வேறு படங்களைப் போல இருந்தன.

செவிலியரும் தாயும் முதல் வரியிலேயே எழுதியிருந்தது ஒரே விஷயம்: செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறியிருக்கிறார். இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் செருப்பு எங்கோ பட்டியலின் நடுவில் வரும். இவர்களுக்கு அதுதான் வாசல். "படிக்கிற இடத்துக்குச் செருப்போட போகாத மனுசர்" என்று தாய் எழுதியிருந்தார். அப்புறம் ஆணியில் தொங்கும் துவாய். அதையும் வாசற்படிக் கிண்ணத்தையும் சேர்த்து, "கை கழுவித் துடைச்சிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார்" என்றார். கிண்ணமும் துவாயும் தூய்மையைக் குறிப்பவை என்றுதான் அறிஞர்கள் எழுதுகிறார்கள். இந்த அம்மா குறியீடு எதுவும் படிக்காமலே, அடுக்களைப் பழக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். மிக்கியேல் அதை நாவிதர் கிண்ணம் என்று எழுதிவைத்திருக்கிறார். அவரும் தன் ஊர்ப் பழக்கத்தில்தான் பார்த்திருப்பார்.

சிங்கத்தின் கதை தாய்க்குத் தெரியாது. முதல் வருகையில் நான் சொல்லியிருந்தேன், மனதில் பதியவில்லை. அதனால் அவர் நோட்டில், "பின்னால சிங்கம் வருது, அவர் இன்னும் காணேல்லை" என்று ஒரு பதற்றமான வரி. காலில் தைத்த முள்ளை ஜெரோம் எடுத்துவிட, அன்றிலிருந்து கூடவே இருந்துவிட்ட சிங்கம் என்பது கதை. படத்திலும் அது ஒரு முன்காலைத் தூக்கியபடி நிற்கிறது. கதை தெரிந்த கண்ணுக்கு அது வீட்டு நாய் மாதிரி. கதை தெரியாத கண்ணுக்கு அந்த மௌனமான மண்டபத்தில் ஒரு நிஜமான சிங்கம். இரண்டாவதுதான் நல்ல பார்வை என்று எனக்குப் படுகிறது. ஓவியர் அதை ஏன் இருட்டில் வைத்தார் என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

செவிலியர் கவனித்தது வேறு. ஜெரோம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், புத்தகம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. "அவருக்கு வெள்ளெழுத்து. எட்ட வச்சாத்தான் தெரியுது." வயதானவரின் உடம்பை இவர் தினமும் பார்ப்பவர். இந்தப் படம் வரையப்பட்ட காலத்தில் கண்ணாடி இருந்தது. 1480இல் ஃபிளாரன்ஸில் கிர்லாந்தாயோ வரைந்த ஜெரோமின் மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடி தொங்கும். அந்தோனெல்லோ அதைத் தரவில்லை, தூரத்தை மட்டும் தந்திருக்கிறார்.

வரைவாளர் மரவேலையை விட்டு நகரவே இல்லை. மேடைக்குச் சுவர் இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. "தம்பி, இது அறையே இல்லை. கல்லுக் கட்டடத்துக்குள்ள கொண்டுவந்து வச்ச ஒரு பெரிய மேசை" என்றார். தரை ஓடுகளின் கோடும் அலமாரித் தட்டின் கோடும் எங்கோ ஒரே இடத்துக்கு ஓடுகின்றன என்றும் குறித்திருந்தார். எங்கே என்று கேட்டேன். "வீட்டில ரூல் வச்சுப் பார்த்துட்டுச் சொல்றன்."

மாணவருக்கும் தாய்க்கும் வாசற்படியில் மயிலுக்குத் துணையாக இருக்கும் பறவை பற்றி ஒரு சண்டை. காடை என்றார் தாய். கவுதாரி என்றார் மாணவர், "எங்க தோட்டத்துல பாத்திருக்கேன், காடை இவ்வளவு பெருசா இருக்காது" என்று. கவுதாரி இனம்தான். கேலரியும் அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பறவைக்கு மரபில் உண்மை என்றும் பொருள் உண்டு, திருட்டு என்றும் உண்டு. ஆகவே பொருளை விட்டுவிட்டுப் பறவையைப் பார்த்தது நல்லதாகவே போயிற்று.

தவறு

கடைசியாகச் சிறுமியின் நோட்டு. அவள் எழுதவில்லை, வரைந்திருந்தாள். மேடையின் ஓரத்தில் இரண்டு பூந்தொட்டிகள், பக்கத்தில் பூனை. அதற்கு மேலே மேசைப் பலகையில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் மடிப்புக் கோடுகள், அவற்றுக்கு இடையே எறும்பு ஊர்ந்தது போல நாலைந்து கிறுக்கல். பக்கத்தில் ஒரு வரி: "பேப்பர் இருக்கு. எழுத்து இல்லை."

நான், "அதில்தான் ஓவியரின் பெயர் இருக்கிறது, போன முறை சொன்னேனே" என்றேன்.

"இல்ல மாமா, நான் கிட்டப் போய்ப் பார்த்தன். அங்க எழுத்து ஒண்டும் இல்லை."

"நாம் நிற்கிற தூரத்தில் தெரியாது. பழைய படம், வண்ணம் மங்கியிருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினாள். வரைவாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேரமாகிவிட்டது என்று நான் எல்லோரையும் கிளப்பினேன்.

அந்த இரண்டு விளக்கங்களும் அந்த நொடியில் நான் உண்டாக்கியவை. தூரம் தடையாக இருந்தால் அவளுக்குக் கிறுக்கலும் தெரிந்திருக்கக் கூடாது. வண்ணம் மங்கியிருந்தால் மடிப்புக் கோடு மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக நிற்கும்?

சரிபார்த்தது

ரயிலில் வரும்போதே உறுத்தியது. இரவு கேலரியின் இணையதளத்தில் படத்தை எடுத்து, சீட்டு திரையை நிறைக்கும்வரை பெரிதாக்கினேன். மடிப்பு இருக்கிறது. தாள் ஓரத்தில் விழும் நிழல் இருக்கிறது. வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிகளைப் போன்ற தீற்றல்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்றுகூட இல்லை.

சரி, மிக்கியேல் என்னதான் எழுதினார் என்று அவர் குறிப்பை முழுதாக எடுத்துப் படித்தேன். அதுவரை நான் படித்திருந்தது 'யார் வரைந்தது' என்ற பகுதியின் சுருக்கத்தை மட்டும்தான். மயில், கவுதாரி, கிண்ணம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் சீட்டுக்கு வருகிறார். ஓவியரின் பெயர் இருப்பது போலத் தோன்றும் ஒரு திறந்த கடிதத் துண்டு, ஆனால் கிட்டே போய் நுணுகிப் பார்த்தால் அதில் எழுத்தே இல்லை, எல்லாம் பாவனை என்கிறார். 1529இல் எழுதியது. சிறுமி எழுதிய வரியும் அதுவேதான், என்ன, அவளுடையது சுருக்கம்.

அப்போதுதான் முதல் வருகையில் நான் சொன்ன இரண்டு வாக்கியங்களும் மோதின. சீட்டில் பெயர் இருந்திருந்தால் 1529இல் வான் எய்க்கா, மெம்லிங்கா, அந்தோனெல்லோவா என்று யாரும் வாதாடியிருக்கவே மாட்டார்கள். பெயர் இல்லாததால்தான் அந்த வாதம். முகத்தை மட்டும் யாக்கொமெத்தோ என்ற வெனிஸ் ஓவியர் திருத்தியிருக்கலாம் என்றுகூட ஒரு பேச்சு அதே குறிப்பில் இருக்கிறது. இன்று இது அந்தோனெல்லோவுடையது என்பதில் சண்டை இல்லை. ஆனால் அது மற்ற படங்களோடு ஒப்பிட்டு வந்த முடிவு, சீட்டைப் படித்து வந்ததல்ல.

தவறு எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, அச்சில் வந்த ஒரு வர்ணனையில் பெயரும் ஆண்டும் அந்தச் சீட்டில் இருப்பதாகவே படித்திருந்தேன். இரண்டு, அந்தோனெல்லோ வழக்கமாக அப்படிச் செய்பவர். அதே கேலரியில் உள்ள அவருடைய 1465ஆம் ஆண்டு கிறிஸ்து உருவத்திலும், 1475ஆம் ஆண்டு சிலுவைக் காட்சியிலும் சீட்டு உண்டு, பெயரும் ஆண்டும் உண்டு. ஆக, இவர் படத்தில் சீட்டு என்றால் பெயர் என்று மனம் தானாகவே நிரப்பிக்கொண்டது. இந்தப் படத்தின் முன் நான் அதற்கு முன்பும் பலமுறை நின்றிருக்கிறேன். ஒருமுறைகூட அந்தச் சீட்டைப் படிக்க முயன்றதில்லை. அதில் என்ன இருக்கிறது என்பது 'தெரிந்திருந்ததால்'.

கொலாந்தோனியோவின் நேப்பிள்ஸில் வான் எய்க் வரைந்த ஒரு ஜெரோம் படம் இருந்தது. இன்று அது இல்லை, தொலைந்துபோயிற்று. ஃபாச்சோ என்ற அறிஞர் 1456இல் அதை வர்ணித்திருக்கிறார். தள்ளி நின்று பார்த்தால் முழுப் புத்தகங்கள் விரிந்து கிடப்பது போலத் தெரியும், கிட்டே போனால் அவற்றின் சுருக்கம் மட்டுமே இருக்கும் என்று. அந்த வித்தையை நேப்பிள்ஸில் வளர்ந்த ஒருவர் இன்னும் ஒரு படி கொண்டுபோயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே கிட்டே போனால் சுருக்கம்கூட மிஞ்சவில்லை.

திருத்தம்

வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டு முடித்திருக்கலாம். செய்யவில்லை. நான் அந்தப் பெண்ணை மறுத்தது எல்லோர் முன்னாலும். அதைத் திரும்பப் பெறுவதும் எல்லோர் முன்னாலும்தான் நடக்க வேண்டும், அதுவும் படத்தின் முன்னால். தாய்க்குத் தொலைபேசியில் முன்கூட்டியே சொன்னேன். "சின்னப் பிள்ளைதானே, அதுக்கேன் இவ்வளவு" என்றார். சின்னப் பிள்ளை என்பதால்தான் என்றேன். பெரியவர் ஒருவர் மறுத்தால் தன் கண்ணைச் சந்தேகப்படும் வயது அது.

மூன்றாம் வருகை ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அன்று கேலரி இரவு 9 மணிவரை திறந்திருக்கும், கூட்டம் குறைவு. மாணவர் வரவில்லை. முந்தின முறையே, "படம் பாக்க வந்தேனா, பரீட்சைக்கு வந்தேனான்னு ஆயிடுச்சுண்ணா" என்று சொல்லியிருந்தார். அது நியாயமான குறை. பத்து நிமிட மௌனம் எல்லோருக்கும் ஒத்துவராது.

படத்தின் முன் நின்று, நான் சொன்னது தவறு, இவள் சொன்னது சரி, 1529இல் இன்னொருவரும் இதையே பார்த்திருக்கிறார் என்றேன். மிக்கியேலின் வரியைத் தமிழில் சொன்னேன். சிறுமி பெரிதாக ஒன்றும் மகிழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்: "அப்ப எழுதாம ஏன் பேப்பர் வச்சவர்?"

வரைவாளர், பிறகு எழுதலாம் என்று இடம் விட்டிருப்பார் என்றார். செவிலியர், "வாங்குறவங்க வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க" என்றார். சிறுமி தன் பதிலைத் தானே சொன்னாள். அந்தப் பேப்பர் அவ்வளவு தள்ளி, அவ்வளவு சின்னதாக இருக்கிறது. நிஜமாகவே அந்த வாசலில் நின்று பார்த்தாலும் அதைப் படிக்க முடியாது. அதனால் படிக்க முடியாத மாதிரி வரைந்திருக்கிறார். எனக்கு இதுதான் பிடித்தது. தூரத்து மலையில் ஆட்களை இரண்டு புள்ளியாக வைத்த கை, தூரத்து எழுத்தையும் அப்படித்தான் வைத்திருக்கும்.

வரைவாளர் ஏ3 அளவில் அச்செடுத்த படத்தோடு வந்திருந்தார், அதில் பென்சில் கோடுகள். தரையும் தட்டும் எல்லாம் ஓடிப்போய்ச் சேரும் இடம் ஜெரோமின் கையும் புத்தகமும் இருக்கும் பகுதி. சிங்கத்திடமோ மயிலிடமோ அல்ல. கதவில்லாத மேடையிலும் அந்த மனிதர் ஏன் இவ்வளவு தனியாகத் தெரிகிறார் என்பதற்கு ஒரு விளக்கம் அந்தப் பென்சில் கோடுகளில் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் விவரப் பலகையைப் படித்தோம். படத்தில் இருக்கும் செந்தொப்பி பற்றிய கேள்வி அப்போது வந்தது. ஜெரோம் காலத்தில் கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி கிடையாது, அது 13ஆம் நூற்றாண்டில் வந்த வழக்கம், ஓவியர்கள்தான் பின்னோக்கிப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். இப்போது அவர்களே கேட்டதால் சொன்னேன்.

பின்விளைவும், இனி மாற்றுவதும்

ஒரு மாதம் கழித்து, பேச்சுவாக்கில் படத்தை நினைவிலிருந்து சொல்லச் சொன்னேன். நாலு பேரும் பூனை, செருப்பு, துவாய், சீட்டு எல்லாவற்றையும் சொன்னார்கள். ஒருவருக்கு வசாரியின் பெயர் மறந்துபோயிருந்தது. நாலு பேரை வைத்து முறை எதையும் நிரூபிக்க முடியாது. தவிர, மூன்று முறை பார்த்தால் யாருக்கும் நினைவிருக்கும்.

என் குறிப்பேட்டில் இப்போது இரண்டு நிற மை. நானே கண்ணால் பார்த்தது நீலம், படித்தது மட்டும் சிவப்பு. ஜெரோம் பற்றிய அந்த நாலு பக்கத்தை இப்படித் திருப்பி எழுதியபோது மூன்று பக்கத்துக்கு மேல் சிவப்பு.

யாராவது "இல்லை" என்றால் இனி "எங்கே, காட்டுங்கள்" என்பதுதான் என் முதல் பதிலாக இருக்க வேண்டும். அன்று அப்படிச் சொல்லியிருந்தால் பத்தடி நடந்து போய்ப் பார்த்து அங்கேயே முடித்திருக்கலாம். மௌன நேரத்தையும் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்து, இரண்டு தடவையாகப் பிரிக்கப் போகிறேன். மாணவரை அதைச் சொல்லித்தான் மறுபடி அழைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் இனி வேண்டாம், வெள்ளி மாலைதான். கதைகளைக் கடைசியில் வைப்பது என்ற முடிவில் மாற்றமில்லை. சிங்கத்தின் கதையையும் சேர்த்துத்தான்.

அடுத்த படம் அந்தோனெல்லோவின் அந்த 1465 கிறிஸ்து. தேதி சொல்லிக் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் தாயின் எண்ணிலிருந்து ஒரு செய்தி, எழுதியது மகள் என்று படித்ததும் தெரிந்தது: "இந்தப் படத்தில எழுத்து இருக்கு மாமா. ஆனா கை ரெண்டு தரம் கீறியிருக்கு."

ஆசீர்வதிக்கும் கையை ஓவியர் இடம் மாற்றி வரைந்தார் என்பதும், பழைய விரல்களின் சாயல் மேல்வண்ணத்தின் வழியே தெரிகிறது என்பதும் நான் படித்த விஷயம். சிவப்பு மை. "வெள்ளிக்கிழமை எங்கே என்று காட்டு" என்று பதில் போட்டேன்.